ஆள் பார்த்து நடுங்கும் திரை

ஃபலேவாவோ கிராமத்து மருந்தகக் கம்ப்யூட்டர் திரைக்கு ஆள் பார்த்து நடுங்கும் குணம் இருப்பதாக ஊரே நம்பியது. வெள்ளிக்கிழமைகளில் மட்டும் வேலை பழக வரும் லாங்கி அதன் முன்னால் உட்கார்ந்தால், காற்றில்லாத குளம்போல அசையாமல் நிற்கும். மற்ற நாட்களில் ஃபுவாடினோ உட்கார்ந்தால் படபடவென்று துடிக்கும். எழுத்து மறையும், வரும், மறுபடி மறையும். சில சமயம் முழுக்கக் கறுத்துப்போய், போனால் போகிறதென்று திரும்பி வரும்.

ஃபுவாடினோ ஐம்பதைத் தாண்டியவள். கனத்த உடம்பு, அதைவிடக் கனத்த குரல். ஆக்லாந்தில் ஒரு மருத்துவமனையின் பதிவறையில் பல வருடம் வேலை பார்த்துவிட்டு, அப்பாவின் கால் புண்ணாகிவிட்டது என்று கேள்விப்பட்டுத் தான் பிறந்த சவாயி தீவுக்குத் திரும்பியவள். சர்க்கரை நோய்க் கால். மாத்திரைக்கும் ஊசிக்கும் அவள் அனுப்பிய பணமெல்லாம் தேவாலயத்தின் புதுக்கூரைக்குப் போய்க்கொண்டிருந்தது வந்த பிறகுதான் தெரிந்தது. எந்தக் குடும்பம் எவ்வளவு கொடுத்தது என்று ஞாயிற்றுக்கிழமை சபையில் பெயர் சொல்லி உரக்க வாசிப்பார்கள். பக்கத்து வீட்டுக்காரனுக்குக் கீழே தன் பெயர் வாசிக்கப்படுவதை அவள் அப்பாவால் தாங்க முடியவில்லை. காலைத் தாங்கிக்கொண்டார். கூரை இன்றைக்கும் கடலிலிருந்து பார்த்தால் தெரியும் அளவுக்குப் பளபளக்கிறது. அவர் அதன் நிழலில் புதைக்கப்பட்டிருக்கிறார்.

அடக்கம் முடிந்த நாளோடு ஃபுவாடினோ சபைக்குப் போவதை நிறுத்திவிட்டாள். ஞாயிறு காலை ஊர் முழுக்க வெள்ளை உடுப்பில் நடக்கும்போது அவள் தன் வீட்டில் பாய் விரித்துப் படுத்து வானொலி கேட்பாள். குடித்துவிட்டு மனைவியின் பல்லை உடைத்தவனை அந்த ஊர் இரண்டு வாரத்தில் மன்னித்திருக்கிறது. வெள்ளை உடுப்புப் போடாத இவளை மன்னிக்கவில்லை. ஆனாலும் மருந்தகத்தில் எழுத்து வேலைக்கு அவளைவிட்டால் ஆள் கிடையாது. மருந்தகத்தை நடத்துவது ஊரின் பெண்கள் குழு. குழுவின் தலைவி மசினா, ஒரு குலத்தலைவரின் மனைவி. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு இவளை வைத்திருந்தாள், தன் அண்ணன் மகள் லாங்கி கம்ப்யூட்டர் படித்துத் தேறும்வரை.

ஆக்லாந்தில் இருக்கும் ஊர்க்காரர்கள் சேர்ந்து பழைய கம்ப்யூட்டருக்குப் பதிலாகப் புதியதை அனுப்பினார்கள். அகலமான, மெல்லிய திரை. அதை மேசைமேல் வைத்து, போதகர் லேமானா வந்து ஜெபம் செய்தார். முடித்ததும் மூன்று சரம் கோத்த கனமான சோழி மாலையைத் திரையின் தலையில் போட்டுவிட்டார். அந்த ஊரில் மனிதருக்குப் போட்ட மாலையை வீட்டுக்குப் போனதும் கழற்றி வைப்பார்கள். பொருளுக்குப் போட்ட மாலையை யாரும் கழற்றுவதில்லை. ஊர்ப் பேருந்தின் கண்ணாடியில், மீன்கடை ஃப்ரீசரின் கைப்பிடியில், படகு எந்திரத்தின் கழுத்தில் எல்லாம் தொடங்கிய நாளின் மாலை அப்படியே கிடக்கும், தானாக அறுந்து விழும்வரை. போதகர் கையால் போட்டது என்றால் தூசி தட்டக்கூடத் தொடமாட்டார்கள்.

அடுத்த வாரமே திரை துடிக்க ஆரம்பித்தது.

ஃபுவாடினோ படகுத்துறை நகரத்தில் கடை வைத்திருந்த சியாவோசிக்குப் போன் போட்டாள். மெஷின் பழுது பார்ப்பதில் தீவு முழுக்க அவன் பெயர்தான்.

"எல்லா பிளக்கும் நல்லா சொருகியிருக்கா பாருங்க."

"சொருகியிருக்கு."

"அணைச்சுட்டுப் போடுங்க."

"அணைச்சு அணைச்சு சுவிட்சே தேய்ஞ்சுபோச்சு, தம்பி. நீ நேர்ல வா."

வந்தான். மாலையை இரண்டு கையாலும் எடுத்து, சுத்தமான துணியை விரித்து அதன்மேல் வைத்தான். சுவரிலிருந்து வரும் கரண்டை அளந்து பார்த்தான். கம்ப்யூட்டரிலிருந்து திரைக்குப் போகும் வயரை மாற்றினான். திரை ஒரு மணி நேரம் கண் சிமிட்டாமல் நின்றது. மாலையை மறுபடி இரண்டு கையாலும் எடுத்து, முன்பு இருந்த மாதிரியே போட்டுவிட்டு, தேநீர் குடித்துவிட்டுப் போனான். அவன் ஏறிய பேருந்து ஊர் எல்லையைத் தாண்டியிருக்காது. திரை துடித்தது.

அடுத்த முறை திரையையே கடைக்குத் தூக்கிப்போனான். ஒரு வாரம் அங்கே ஓடவிட்டுப் பார்த்தான்.

"என்கிட்ட தங்கமான பிள்ளையா இருக்கு, உங்ககிட்ட மட்டும் ஏன் இப்படி அடம் பிடிக்குது?" என்று திருப்பிக் கொண்டுவந்தபோது சிரித்தான். சும்மா வேடிக்கைக்குச் சொன்னதுதான். ஆனால் மசினாவின் காதில் விழுந்துவிட்டது. மாலை மறுபடி திரையின் கழுத்தில் ஏறியது, இந்தத் தடவை ஒரு சின்ன ஜெபத்தோடு.

அன்று சாயங்காலத்துக்குள் பேச்சு ஊரைச் சுற்றி வந்துவிட்டது. கடையில் நல்லா இருக்குதாம். லாங்கி உட்கார்ந்தா நல்லா இருக்குதாம். அவ உட்கார்ந்தா மட்டும் நடுங்குதாம். ஜெபம் பண்ணின பொருள் இல்லையா, சபைக்கு வராத கை பட்டா நடுங்காதா? குழாயடியில் தண்ணீர் பிடிக்க நின்ற ஒருத்தி நேரடியாகவே கேட்டாள்.

"ஏம்மா, உன்னைப் பாத்தா கம்ப்யூட்டரே பயப்படுதாமே. உன் புருஷன் ஏன் ஓடினான்னு இப்பத்தான் புரியுது."

"அவன் ஓடலை, நான்தான் துரத்தினேன்" என்றாள் ஃபுவாடினோ. "உனக்கும் துரத்தணும்னா சொல்லு, எப்படின்னு கத்துத் தரேன்."

வாய்க்கு வாய் கொடுத்தாள். ஆனால் வீட்டுக்கு வந்ததும் பாதித் தண்ணீர் சிந்தும்படி குடத்தைத் தரையில் மோதி இறக்கினாள். பேயும் சாபமும் கதையாக இருக்கும்வரை கேட்டுச் சிரித்துவிட்டுப் போகலாம். ஒருத்தியின் பிழைப்பைப் பிடுங்கும் கருவியாக அது மாறும்போது எப்படிச் சிரிப்பது? அவளுக்கு இந்த ஊரில் இருந்ததெல்லாம் அந்த நாற்காலி ஒன்றுதான். அதில் உட்கார்ந்திருக்கும்வரை அவள் மருந்தகத்து ஃபுவாடினோ. எழுந்துவிட்டால் சபிக்கப்பட்டவள்.

அதற்குள் பேச்சு பேச்சாக நிற்காமல் ஒருவரின் கால்விரல்களை வெட்டவும் ஆரம்பித்துவிட்டது. தூப்புவோலா என்ற கிழட்டு மீனவர், சர்க்கரை நோயாளி, பவளப்பாறையில் காலைக் கிழித்துக்கொண்டு ஒரு திங்கட்கிழமை மருந்தகத்துக்கு வந்தார். நோயாளியின் பெயரை ஃபுவாடினோ கம்ப்யூட்டரில் ஏற்றிய பிறகுதான் நர்ஸ் கூப்பிடுவாள். தூப்புவோலா வாசலில் நின்று திரை துடிப்பதைப் பார்த்தார்.

"பரவாயில்ல ஃபுவாடினோ. நான் வெள்ளிக்கிழமை வரேன்."

"கால்ல மண்ணு ஒட்டியிருக்கு, ரத்தம் வருது. உள்ள வந்து உட்காருங்க."

"தப்பா நினைக்காதே. வீட்ல சொல்லி அனுப்பியிருக்காங்க, உன் கையால பேரு ஏறக் கூடாதுன்னு."

அவள் கத்தினாள். அவர் குனிந்த தலையோடு நொண்டிக்கொண்டே போய்விட்டார். வெள்ளிக்கிழமை அவரை மகன்கள் தூக்கிவந்தார்கள். அன்றே படகில் தலைநகர் ஆப்பியா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், இரண்டு கால்விரல்களை எடுத்தார்கள்.

இது நடந்து கொஞ்ச நாள் கழித்து மசினா குழுவைக் கூட்டினாள், மருந்தகத்திலேயே, ஒரு வியாழக்கிழமை காலை. பாயில் பெண்கள் வரிசையாகச் சம்மணமிட்டு உட்கார்ந்தார்கள். நடுவில் போதகருக்கு நல்ல பாய். வாசல் பெஞ்சில் நோயாளிகள் காத்திருந்தார்கள். கட்டுப் போட்ட காலை நீட்டிக்கொண்டு தூப்புவோலாவும் அங்கே இருந்தார்.

மசினா நீளமாக மரியாதை வார்த்தைகள் பேசிவிட்டு விஷயத்துக்கு வந்தாள்.

"யாரையும் நோகடிக்க இது கூடலை. மெஷின் வெளிநாட்டுல இருக்கற நம்ம பிள்ளைங்க வியர்வை. அது கெட்டுப்போகக் கூடாது. ஃபுவாடினோ கொஞ்ச நாள் வீட்ல இருக்கட்டும். மனசு மாறி சபைக்கு வந்தா, அப்புறம் பேசிக்கலாம். அதுவரைக்கும் லாங்கி பாத்துக்குவா."

"கொஞ்ச நாள்னா எவ்வளவு நாள்?" என்றாள் ஃபுவாடினோ.

"அது உன் கையில இருக்கு."

"என் கையிலதான் சாபம் இருக்குன்னு சொன்னீங்க. இப்ப இதுவும் என் கையிலயா?"

பெண்களில் ஒருத்தி சிரிப்பை அடக்க இருமினாள். போதகர் தொண்டையைச் செருமினார்.

"மகளே, யாரும் சாபம்னு சொல்லலை. ஆனா கண்ணால பாக்கறதை எப்படி இல்லைன்னு சொல்றது?"

"சரி, கண்ணாலயே பாருங்க" என்று மசினா லாங்கிக்குச் சைகை காட்டினாள்.

லாங்கி தயங்கித் தயங்கி எழுந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். ஒல்லியான, எப்போதும் குளிர்கிற பெண். சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, கால் பெருவிரலால் மேசைக்குக் கீழே எதையோ அழுத்தினாள். திரை அசையாமல் நின்றது. பாயிலிருந்து ஒரு முணுமுணுப்பு எழுந்தது.

"இப்ப நீ."

ஃபுவாடினோ உட்கார்ந்தாள். ஒரு வருடமாக அவள் உடம்பில் காரணமில்லாமல் நெருப்பு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அந்த வயதில் பெண்களுக்கு வருகிற வெக்கைதான். கழுத்து வியர்த்தது. பழக்கத்தில் காலை நீட்டிப் பெருவிரலால் மேசைக்குக் கீழிருந்த சுவிட்சை அழுத்தினாள். மூலையில் நின்ற மின்விசிறி உறுமிக்கொண்டு தலையைத் திருப்ப ஆரம்பித்தது. அதன் முகம் மேசைப்பக்கம் வந்ததும் திரை துடித்தது.

"பாத்தீங்களா?" என்றாள் மசினா.

ஃபுவாடினோ பார்த்துக்கொண்டிருந்தது திரையை அல்ல, தன் கால் பெருவிரலை. இதே சுவிட்சைத்தானே லாங்கியும் இப்போது அழுத்தி ஃபேனை அணைத்தாள்?

"லாங்கி, இங்க வா. திரும்ப உட்காரு."

"எதுக்குக்கா?"

"உட்காருன்னா உட்காரு. ஃபேனைத் தொடாத."

"எனக்குக் குளிருமே."

"குளிரட்டும். ஒரு நிமிஷம் குளிர்ந்தா செத்துட மாட்ட."

லாங்கி உட்கார்ந்தாள். மின்விசிறி சுவரைப் பார்த்தது, மெல்லத் திரும்பியது, மேசையைப் பார்த்தது. லாங்கியின் கண்ணெதிரே திரை துடித்தது. அவள் சூடுபட்ட மாதிரி கையை மேசையிலிருந்து எடுத்துக்கொண்டாள்.

"அத்தை, நான் ஒண்ணுமே பண்ணலை."

"அவ இப்பத்தான அந்த நாற்காலியில உட்கார்ந்தா" என்று பின்வரிசையிலிருந்து ஒருத்தி சொன்னாள். "சூடு இன்னும் ஆறலை. ஒட்டிக்கிச்சு."

ஃபுவாடினோவின் தலைக்குள் ஏதோ அறுந்தது. பெரியவர்கள் உட்கார்ந்திருக்கும்போது அவர்களுக்கு முன்னால் கடந்து போவதென்றால் முதுகைக் குனிந்து, கையைத் தாழ்த்தி, 'துலௌ' என்று மன்னிப்புக் கேட்டுக்கொண்டுதான் போக வேண்டும். மூன்று வயதுக் குழந்தைக்கும் தெரிந்த மரியாதை அது. அவள் நிமிர்ந்தபடி போதகரின் முழங்காலுக்கு முன்னால் நடந்து போனாள். மின்விசிறியின் கழுத்தைப் பிடித்து, சுவரைப் பார்த்தபடி நிறுத்தினாள். அது ஓடிக்கொண்டுதான் இருந்தது. திரை அடங்கிவிட்டது.

"நாற்காலியில இருக்கறது யாரு?"

பெண்கள் போதகரைப் பார்த்தார்கள்.

"கேக்கறேன். யாரு?"

"லாங்கி" என்றார் வாசலிலிருந்து தூப்புவோலா.

அவள் மின்விசிறியை மேசைப்பக்கம் திருப்பினாள். திரை துடித்தது. சுவர்ப்பக்கம் திருப்பினாள். நின்றது. மறுபடி திருப்பினாள். துடித்தது.

"சாபம் என் உடம்புல இருக்கா, காத்துல இருக்கா? சொல்லுங்க. ஏதாவது ஒண்ணை முடிவு பண்ணிச் சொல்லுங்க."

"ஃபேன் கரண்டை இழுக்குதோ என்னவோ" என்றார் போதகர்.

"சுவரைப் பாக்கும்போதும் அது அதே கரண்டைத்தான் இழுக்குது. காத்து மேல படும்போது மட்டும்தான் இப்படி ஆடுது. காத்து பட்டா இங்க எது ஆடும்?"

கேட்டுக்கொண்டே அவளும் பார்த்தாள். மேசைமேல் காகிதம் இல்லை. திரையின் சட்டம் பாறைபோல நின்றது. ஆடியது ஒன்றே ஒன்றுதான், மாலை. மூன்று சரமும் முன்னும் பின்னும் ஊஞ்சலாடி, சோழிகள் ஒன்றோடொன்று மோதி, இத்தனை மாதம் யாரும் காதில் வாங்காத ஒரு மெல்லிய சத்தத்தை எழுப்பிக்கொண்டிருந்தன.

அவள் கை மாலையை நோக்கிப் போனது.

"தொடாதே" என்று மசினா எழுந்துவிட்டாள். "அது போதகர் போட்டது. நீ, அதுவும் நீ, தொடவே கூடாது."

இந்த 'அதுவும் நீ' இல்லாமல் இருந்திருந்தால் ஃபுவாடினோ சியாவோசியைப் போல இரண்டு கையால் மெதுவாகவே எடுத்திருப்பாள். அவள் ஒற்றைக் கையால் பிடித்து இழுத்தாள். நூல் அறுந்தது. சோழிகள் மேசையில் கொட்டி, தரையில் தெறித்து, போதகரின் பாய்க்கு அடியிலும் பெண்களின் மடியிலும் உருண்டன.

காற்று மேசையை அறைந்துகொண்டிருந்தது. திரை அசையவில்லை.

"மாலையை அறுத்துட்டியேடி, பாவி" என்று மசினா கத்தினாள்.

"திரையைப் பாருங்க."

"போதகர் கையால போட்ட மாலை."

"திரையைப் பாருங்கன்னேன்."

பார்த்தார்கள். வேறு வழியில்லை. மின்விசிறி போய்விட்டு வந்தது, போய்விட்டு வந்தது. எழுத்துகள் எழுத்துகளாகவே நின்றன. ஃபுவாடினோ திரையின் பின்புறத்தைக் கூட்டத்துக்குத் திருப்பினாள். வயரின் பிளக் சொருகியிருந்த இடத்தைக் காட்டினாள். மாலையின் பின்சரம் நேராக அதன்மேல்தான் தொங்கியிருக்கிறது. அத்தனை கனமும் பிளக்கைக் கீழே இழுத்தபடி இருந்திருக்கிறது. காற்று ஆட்டும்போதெல்லாம் பிளக்கும் ஆடியிருக்கிறது. சியாவோசி ஒவ்வொரு முறையும் பக்தியாக மாலையை எடுத்துவிட்டுச் சோதித்தான். பக்தியாகத் திரும்பப் போட்டுவிட்டுப் போனான். பழுதைத் துணியில் எடுத்து வைத்துவிட்டுப் பழுதைத் தேடியிருக்கிறான்.

"தற்செயலாக்கூட இருக்கலாம் மகளே" என்றார் போதகர். குரல் இறங்கியிருந்தது.

"வாங்க. உங்க விரலாலயே இந்தப் பிளக்கைக் கீழ அழுத்துங்க" என்று அவள் திரையின் முகத்தை மறுபடி கூட்டத்தின் பக்கம் திருப்பினாள்.

அவர் சுற்றிலும் பார்த்தார். எல்லாரும் அவரையே பார்த்தார்கள். எழுந்து வந்து, பின்னால் கைவிட்டு ஆள்காட்டி விரலால் பிளக்கை லேசாக அழுத்தினார். திரை துடித்துக் கறுத்தது. விரலை எடுத்தார். வந்தது.

"அப்போ பேய் உங்க விரல்லயும் இருக்கு போல" என்றார் தூப்புவோலா.

லாங்கி வாயைப் பொத்திக்கொண்டும் சிரிப்பு வெளியே வந்துவிட்டது. அவளைத் தொடர்ந்து பின்வரிசை சிரித்தது. ஃபுவாடினோ சிரிக்கவில்லை. இத்தனை மாதம் இவர்கள் சிரித்ததெல்லாம் அவளைப் பார்த்துத்தான். இப்போது வேறு பக்கம் திரும்பியிருக்கிறது, அவ்வளவுதான்.

மசினா நிலைமையைக் கையில் எடுக்கப் பார்த்தாள்.

"சரி, நடந்தது நடந்துபோச்சு. ஃபுவாடினோ வேலையிலயே இருக்கட்டும். ஆனா எல்லார் முன்னாலயும் மாலையை அறுத்தது பெரிய தப்பு. போதகர்கிட்ட மன்னிப்புக் கேட்டு, புது மாலை கோர்த்துக் குடுத்துடு. அத்தோட முடிச்சுக்கலாம்."

"கோர்த்துத் தரேன்" என்றாள் ஃபுவாடினோ. குனிந்து ஒரு கைப்பிடி சோழியை அள்ளினாள். "ஒரு சோழி குறையாம கோர்த்துத் தரேன். அவரோட ரெண்டு விரலை யாரு கோர்த்துத் தருவீங்க?"

அவள் கை வாசல்பக்கம் நீண்டிருந்தது. எல்லாரும் அந்தக் கட்டுப் போட்ட காலைப் பார்த்தார்கள். சிரிப்பு நின்றுவிட்டது. தூப்புவோலா காலைப் பெஞ்சுக்கு அடியில் இழுத்துக்கொள்ளப் பார்த்தார்.

"இழுத்துக்காதீங்க. அவங்க பாக்கட்டும்" என்றாள். "என் கைய நம்பாதேன்னு அவர் வீட்ல போய்ச் சொன்னது யாரு? இங்கதான உட்கார்ந்திருக்கீங்க. குழாயடியில அவ்வளவு பேச்சு வந்துச்சே. இப்ப ஒரு வார்த்தை சொல்லுங்க. எனக்கு மன்னிப்பு வேண்டாம். சொன்னது பொய்னு சத்தமா சொன்னாப் போதும். காணிக்கை வாசிக்கிற மாதிரி, பேரோட."

பெண்கள் மடியில் விழுந்த சோழிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பாயில் வைத்தார்கள். போதகர் ஜன்னல் வழியாகத் தேவாலயக் கூரையைப் பார்த்தார். கடைசியில் மசினா, ஃபுவாடினோவின் முகத்தைப் பார்க்காமல், திரையைப் பார்த்துச் சொன்னாள்.

"காரணம் நீ இல்ல, ஃபுவாடினோ. சோழிதான்."

"யாரு போட்ட சோழி? அது காரணம்னு தெரியாமலே ஊரெல்லாம் கதை பரப்பினது யாரு?"

மசினா குனிந்து காலடியில் கிடந்த சோழிகளைப் பொறுக்கினாள். சோழிமேல் பழி போட இவர்களால் முடியும். தங்கள்மேல் போட்டுக்கொள்ள இன்னும் நாள் ஆகும்.

அவள் கையிலிருந்த சோழிகளை ஜன்னல் விளிம்பில் கொட்டினாள். லாங்கியைப் பார்த்தாள். லாங்கி தானாகவே நாற்காலியை விட்டு எழுந்தாள். ஃபுவாடினோ மின்விசிறியை இன்னும் வேகமாக வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

"கூட்டம் முடிஞ்சுதுன்னா இடம் விடுங்க. நோயாளிங்க காத்திருக்காங்க. தூப்புவோலா, முதல்ல நீங்க வாங்க."

கிழவர் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். அவர் வர வேண்டிய வழி போதகரின் பாய்க்கு முன்னால் இருந்தது. வாழ்நாள் முழுவதும் பெரியவர்கள் முன்னால் வளைந்தே நடந்து பழகிய முதுகு அது. அவர் ஒரு கணம் நின்றார். பிறகு நிமிர்ந்தபடி, 'துலௌ' சொல்லாமல், சோழிகளை மிதிக்காமல் நொண்டிக் கடந்து வந்து அவள் மேசைமுன் நின்றார்.

"பேரு போடு" என்றார்.

அவள் பேரைப் போட்டாள்.